ஒற்றைக் கண் கரடி

"அந்தக் கேமராவைக் கழட்டு. இல்லைன்னா அடுத்த பஸ்ல நான் திரும்பிப் போறேன்."

நாத்தனார் கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த குட்டிக் கேமராவைக் கம்பளிப்பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அண்ணி, அது பாப்பாவைப் பார்த்துக்கறதுக்கு..." என்று இழுத்தாள் அம்மாக்காரி.

"பாப்பாவைப் பார்த்துக்கத்தான் நான் வந்திருக்கேனே. அது கம்பெனிக்காரன் பார்க்கறதுக்கு. இதுல எடுக்கற படமெல்லாம் அவன்கிட்டதான் போய்ச் சேருது. அரசாங்கம் கேட்டா, உன்னை ஒரு வார்த்தை கேட்காம தூக்கிக் கொடுத்துடுவான். தேர்தல் வந்தா ஆளுங்கட்சிக்கு நன்கொடை வேற. எல்லாம் உங்க காசு."

நாத்தனார் ஒரு வாரப் பத்திரிகையில் டெக்னாலஜி பற்றி எழுதுகிறவள். பத்தியின் பெயரே 'வாங்காதீங்க'. எழுதுவதோடு நிறுத்துகிற ஆளும் இல்லை. இவன் போன் வேண்டாம், அவன் டாக்சி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தலைமுழுகி, இப்போது பட்டன் போனும் நடராஜா சர்வீஸும்தான் மிச்சம்.

அம்மாக்காரி புருஷனைப் பார்த்தாள்.

"அக்கா சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்," என்றான் அவன். "நான் போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

வீட்டில் பால் வேண்டிய மட்டும் இருந்தது.

அம்மாக்காரி தொட்டிலையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். போன மாதம் பாப்பாவுக்குப் புரையேறி, முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, அவர் நிம்மதியாகத் தூங்குவார். திங்கட்கிழமை இவள் மறுபடி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போயாக வேண்டும். கேமரா இல்லாமல் எப்படிப் போவது? நாத்தனார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், வேலைக்குத்தான் எப்படிப் போவது?

கேமரா சுவரிலிருந்து இறங்கியது.

"சமத்து," என்றாள் நாத்தனார்.

இறங்கிய கேமரா, அவள் குளிக்கப் போன நேரத்தில், அலமாரி மேலிருந்த கரடி பொம்மைக்குள் ஏறியது. கரடிக்கு ஏற்கெனவே ஒரு கண் பிய்ந்து போயிருந்தது. வசதியாகப் போயிற்று.

திங்கட்கிழமை கடையில், கண் பரிசோதனைக்கு வந்தவருக்கு லென்ஸை மாற்றிப் போட்டாள் அம்மாக்காரி.

"இப்பப் பாருங்க சார். முன்னாடி காட்டினது தெளிவா இருந்துச்சா, இது தெளிவா இருக்கா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா தெரியுது."

"அவசரமில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்கிற நேரத்தில் மேஜைக்கு அடியில் தன் போனைப் பார்த்துக்கொள்வாள் அம்மாக்காரி. அதில் நாத்தனார் பாப்பாவை மடியில் போட்டுக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். "அப்புறம் அந்தப் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனியை வாங்கி இழுத்து மூடிடுச்சு. அதை நம்பின ஜனமெல்லாம் அம்போ." பாப்பா கெக்கெக்கே என்று சிரிக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாக்காரி புருஷன் காதில் கிசுகிசுத்தாள்.

"உங்க அக்கா என்ன வேணா திட்டட்டும். சரக்கு நல்ல சரக்குங்க. சுவத்துல இருந்தப்ப வயர்லயே கிடந்துச்சு, எனக்கு அருமை தெரியல. கரடிக்குள்ள வச்சதுலேருந்து ஒருதரம்கூட சார்ஜ் போடல. போடலாம்னா அண்ணி அந்த ரூமை விட்டு நகர மாட்டேங்கறாங்க. ஆனாலும் பேட்டரி அசராம நிக்குது."

"எனக்கு எதுவும் தெரியாது," என்று அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் மத்தியானம், கண் பரிசோதிக்கிற மிஷினில் ஒரு பெரியவர் முகவாயை வைத்திருந்தார். அம்மாக்காரி போனைப் பார்த்தாள். படம் இல்லை. ஒரே இருட்டு.

நாத்தனாரின் பட்டன் போனுக்கு அடித்தாள். மணி அடித்துக் கட்டாகியது. மறுபடி அடித்தாள். மறுபடியும் கட்டாகியது. புரையேறிய முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"சார், நான் வீட்டுக்குப் போகணும்," என்று முதலாளியிடம் சொல்லும்போதே கைப்பை தோளுக்கு வந்துவிட்டது.

"இதுவாம்மா, முன்னாடி காட்டினதா?" என்றார் பெரியவர், முகவாயை எடுக்காமலேயே.

"எதுவானாலும் உங்க இஷ்டம் சார்."

வாசலைத் தாண்டும்போது போனில் வெளிச்சம் வந்தது. படம் குலுங்கியது. கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, அப்புறம் திரை முழுக்க நாத்தனாரின் முகம்.

தொலைந்தது, என்று நினைத்தாள் அம்மாக்காரி. பெட்டி கட்டியாகியிருக்கும். திங்கட்கிழமையிலிருந்து கடையும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

நாத்தனார் உதட்டில் விரலை வைத்தாள்.

"பாப்பா இப்பத்தான் தூங்கினா. மணிச் சத்தத்துல எழுந்துடுவாள்னு நான்தான் போனைக் கட் பண்ணினேன். பதறாதே. இதோ பாரு."

படம் மெல்லத் திரும்பியது. தொட்டிலில் பாப்பா, ஒரு கையை வாயில் வைத்தபடி. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மாக்காரி கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் காலையில நீ குளிக்கப் போனதும் கரடிக்கு நான்தான் சார்ஜ் போடறேன்," என்றது நாத்தனாரின் குரல். "இன்னைக்கு இந்தக் கம்பெனியைத் திட்டிக் கட்டுரை அனுப்பற அவசரத்துல மறந்து தொலைச்சுட்டேன். இப்பச் சொருகியாச்சு. நீ போய் வேலையைப் பாரு."

கைக்குட்டையால் கரடியின் கண்ணை ஒரு துடை துடைத்தாள். அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். நாலடி போனவள், என்னவோ நினைவு வந்தது போலத் திரும்பி வந்து, திரைக்குள் முகத்தை நுழைத்தாள்.

"கம்பெனிக்காரா, நீயும் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பே. இது அவளுக்காக. உன்னை நான் இன்னும் மன்னிக்கல."