மூழ்கும் செல்லோ
வார்சா அரங்கின் உயர்ந்த சன்னல்களில் நவம்பர் வெளிச்சம் சாம்பலாக இறங்குகிறது. நாளை அரங்கேறவிருக்கும் புதிய கான்செர்ட்டோவின், ஒற்றைக் கருவி முழு இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பின், கடைசி ஒத்திகை. ஹலினா மாதக்கணக்கில் விரல் தேயப் பழகிய வரியை, முழங்கால்களுக்கிடையே நிறுத்திய பெரிய வயலின் போன்ற செல்லோவில் வில்லால் இழுக்கிறாள். ட்ரம்பெட்டுகள் எழுந்து அதை விழுங்கிவிடுகின்றன. வில்லை நிறுத்துகிறாள். "அவங்களைக் கொஞ்சம் அடக்கி ஊதச் சொல்லுங்க மாஸ்டர். நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல." இசைக்குழுவை நடத்தும் விட்டோல்ட் இசைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படித்தான் எழுதியிருக்கு மேடம். உங்களை அமுக்கத்தான் அவங்க வர்றாங்க," என்கிறார். "வீட்டுல எங்க பேச்சு எடுபடல, இங்கயாவது விடுங்க," என்கிறார் ட்ரம்பெட்காரர் ஒருவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். வில்லில் அறுந்து தொங்கும் மயிரிழையை ஹலினா பல்லால் கடித்துத் துப்புகிறாள். "மறுபடி அதே இடம்," என்கிறார் விட்டோல்ட். பித்தளை முழக்கம் எழுகிறது. அவள் கை நிற்காமல் இழுக்கிறது. சுரம் சரியா, பிசகா, தெரியவில்லை. முழங்கால்களுக்கிடையே செல்லோவின் மரம் அதிர்வது மட்டும் தெரிகிறது.