திங்கள்னா திங்கள்

"இதை எடுத்துட்டுப் போ."

ஆர்லின் நீட்டிய ராஜினாமாக் கவரை ரொஹேலியோ சார் தொடக்கூட இல்லை.

"சார், அது வந்து... நான்..."

"ஒரு வார்த்தை பேசாதே! நான் எதையும் கேக்கல. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்."

ஆர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது. கான்சாஸில் அவருடைய பிசியோதெரபி நிலையத்தில் நான்கு வருடமாக உழைக்கிறாள். பிலிப்பைன்ஸிலிருந்து விசா கொடுத்து வரவழைத்தவர் அவர்தான். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டவரும் அவர்தான். அதற்காக ஆயுசு முழுக்க அவருக்கே கொத்தடிமையா?

கவரை மேசைமேல் வைத்தாள். "எனக்கு அனுபவக் கடிதமும் வேணும் சார்."

"செப்டம்பர் எட்டு வரைக்கும் இங்கே இன்ஸ்பெக்‌ஷன் வேலை இருக்கு. எதுவா இருந்தாலும் அன்னைக்குப் பேசு. கடிதமும் அன்னைக்குத்தான்."

"இன்னும் முழுசா அஞ்சு வாரம் இருக்கே! எட்டாம் தேதி திங்கட்கிழமை வேற. அஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமையாவது..."

"திங்கள்னா திங்கள்."

கவரைப் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

வீட்டில் அவள் கணவன் நோயெல் குதித்தான். ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் பிப்ரவரியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக நாள் தவறாமல் கட்டம் அடித்து வந்தார்கள். அன்று, ஜூலை முப்பத்தொன்று, நூற்றெண்பதாவது கட்டம்.

"கிரீன் கார்டு ரசீது வந்து நூத்தியெண்பது நாளைக்கு முன்னால வேலையை விட்டாத்தான் நம்ம ஃபைலுக்கு ஆபத்து. அதான் முடிஞ்சு போச்சே! இனிமே நீ எங்க வேணும்னாலும் வேலை பார்க்கலாம். அந்த ஆளு உன்னை என்ன பண்ண முடியும்?"

"அனுபவக் கடிதம் தரலைன்னா? அது இல்லாம, புது வேலை தர்ற விச்சிட்டா ஆஸ்பத்திரியில சேர்த்துக்க மாட்டாங்க."

"நம்ம ஊர்க்காரர், நம்ம பாஷைன்னு நம்பி வந்தோம் பாரு, நம்மளைச் சொல்லணும்! வெள்ளைக்காரன்கிட்ட மாட்டியிருந்தா வெள்ளிக்கிழமையே விட்டிருப்பான். திங்கட்கிழமை வரைக்கும் உறிஞ்சுறதுக்கு நம்ம ஆளுதான் வரணும்!"

ஆர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தெரபிஸ்டுகளின் ஃபேஸ்புக் குழுவில், நிலையத்தின் பெயர், அவர் பெயர் எல்லாம் போட்டு எழுதினாள். 'ஊர்ப்பாசம் பேசுவார். விசாவைக் காட்டியே மூக்கணாங்கயிறு போடுவார். யாரும் அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.'

நானூறு பேர் லைக் போட்டார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நல்ல வேளையாக விச்சிட்டாக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். அதன்பிறகு ரொஹேலியோ சாரிடம் குட் மார்னிங்குக்கு மேல் ஒரு சொல் அதிகமாகப் பேசவில்லை அவள்.

செப்டம்பர் எட்டு. சார் வீட்டிலிருந்து பெரிய தட்டு நிறைய பான்சிட் நூடுல்ஸ் கொண்டு வந்திருந்தார்.

"நானே சமைச்சேன். சாப்பிட்டுட்டுப் போ."

"பசியில்லை சார்."

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். தடியாக ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். அவள் நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது, இனி அந்த முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

மறுவாரம் விச்சிட்டாவில், சேர்கிற அன்று அனுபவக் கடிதத்தைக் கேட்டபோதுதான் கவரைப் பிரித்தாள்.

ஒரு பக்கம் முழுக்க அவளைப் பாராட்டி எழுதியிருந்தார். அதோடு இன்னொன்றும் வந்து விழுந்தது. அவளுடைய ராஜினாமாக் கவர். அவள் ஒட்டிக்கொடுத்தது ஒட்டியபடியே இருந்தது. மேலே பேனாவால் '142' என்று ஓர் எண். பின்னால் ஒரு துண்டுச் சீட்டு.

'ஆர்லின், உன்கிட்ட ரெண்டு ரசீது இருக்கு. பிப்ரவரி ரசீது நான் போட்ட மனுவுக்கு. மார்ச் பதினொண்ணு ரசீதுதான் உன் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு. அதுலேர்ந்துதான் நாள் எண்ணணும். நீ கவர் கொண்டு வந்த அன்னைக்கு 142 நாள்தான் ஆகியிருந்தது. நீ போறது எனக்குத் தெரிஞ்சுட்டா இமிக்ரேஷனுக்கு எழுதிச் சொல்லியாகணும். அதான் படிக்கல, உன்னைப் பேசவும் விடல. வெள்ளிக்கிழமை 178. திங்கள் 181. நல்லா இரு.'

ஆர்லின் இரண்டு ரசீதையும் எடுத்துப் பார்த்தாள். ஃபோனில் காலண்டரைத் திறந்து ஒருமுறை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். நோயெலின் வேலை அனுமதி, பையனின் பள்ளிக்கூடம், எல்லாமே அந்த ஒரு ஃபைலில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சமைத்துக்கொண்டு வந்ததை அவள் வாயில்கூட வைக்கவில்லை. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். முதலில் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். ஃபேஸ்புக்கைத் திறந்தாள்.

பதிவுக்குக் கீழே, அன்று காலையில் யாரோ ஒரு பெண் புதிதாக எழுதியிருந்தாள்.

'ரொம்ப நன்றி அக்கா. என் விசா முடியப் பத்தே நாள்தான் இருக்கு. வேலை தர ஒத்துக்கிட்டது அவர் ஒருத்தர்தான். நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஊருக்கே திரும்பிப் போறேன். உங்களாலதான் தப்பிச்சேன்!'