வாய் மூடாத மோமோ

இட்லிப் பானைக்குள் ஒரு மோமோவும், சூமாய் என்கிற ஒரு சீனக் கொழுக்கட்டையும் வெந்துகொண்டிருந்தன. மோமோவின் மடிப்புகள் உச்சியில் சரியாகச் சேராததால் அங்கே சிறு ஓட்டை தெரிந்தது.

"பார்க்கிறவங்க சிரிப்பாங்க, அண்ணே. குப்புறப் படுத்துக்கிறேன்" என்றது மோமோ.

"தாராளமா படு. உள்ளே இருக்கிற சாறெல்லாம் கொட்டிப் போயிடும். அப்புறம் நீ வெறும் மாவுதான்" என்றது சூமாய்.

மோமோ அப்போதுதான் சூமாயை ஏறிட்டுப் பார்த்தது. அதன் தலை முழுக்கத் திறந்திருந்தது.

"அண்ணே, உங்களுக்கும் மூட வரலையா?"

"எங்க வீட்டுல யாருமே மூடுறதில்லடா."

வெந்து முடியும்வரை மோமோ நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. சாறு ஒரு சொட்டும் சிந்தவில்லை.

தட்டுக்கு வந்ததும் ஒரு பெண் அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"அட, சட்னி ஊத்த இடம்கூட விட்டிருக்காங்க!" என்று கரண்டியை எடுத்தாள்.