யாரும் எதிர்ப்படாத கிடங்கு

ஒரகடம் கிடங்கில் ஊழியர்கள் யாரும் ஒருவருக்கொருவர் எதிர்ப்படாதபடி கணினியின் கணக்கு பாதை வகுத்திருந்தது. பேச்சில் நேரம் போகக் கூடாது என்பது நிர்வாகத்தின் தேவை. பொருள் எடுக்கும் எஸ்தருக்கு, பக்கத்து வரிசையில் வேலை செய்த தில்ஷாத்தை இருமல் சத்தமாக மட்டுமே தெரியும்.

அன்று அந்த இருமல் சட்டென்று நின்றுபோனது. எஸ்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதையை விட்டு விலகியதும் கையில் கட்டியிருந்த, பாதை காட்டும் பட்டை அதிர்ந்து எச்சரித்தது. பொருட்படுத்தாமல் ஓடினாள். தில்ஷாத் மூச்சுத் திணறித் தரையில் கிடந்தாள். எஸ்தர் போட்ட கூச்சலில் ஆம்புலன்ஸ் வந்தது, தில்ஷாத் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் எஸ்தரைக் கிடங்கின் மறுகோடிக்கு மாற்றியிருந்தார்கள். "ஏன் சார்?" என்று மேலாளர் கோபிநாத்திடம் கேட்டாள்.

"நான் மாத்தலம்மா. பக்கத்துல ஆள் சத்தம் கேட்டா நீங்க பாதைய விட்டுடுறீங்கன்னு கம்ப்யூட்டர் கணக்கு புரிஞ்சுக்கிச்சு. இனிமே யாருக்கும் யார் சத்தமும் கேக்காது."

புதிய இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் கூடையைக் கீழே வைத்துவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

எங்கோ தொலைவிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "இருக்கேன்க்கா!"

இன்னொரு பக்கத்திலிருந்து, "நானும்!"