கரட்டில் ஒரு குழி

பென்னாகரத்துக்கு மேற்கே, ஆடு மேயும் கரட்டில் வெயில் ஏறுகிறது. சென்னையிலிருந்து சேவை முகாமுக்கு வந்திருக்கும் கல்லூரிப் பெண்கள் மரக்கன்று நடக் குழி தோண்டுகிறார்கள். நேற்று ஊர்க்கூத்துப் பாட்டை ஆசையாக டேப்பில் பிடித்துக்கொண்டவர்கள்தான். இருந்தும் ஆடுகளோடு நிற்கும் சின்னத்தாயி, குழி தோண்டும் அவர்களுடைய கைகளையே சந்தேகத்தோடு பார்க்கிறாள். அவர்களில் ஒருத்தி, மரக்கன்றோடு வரும் வஹிதாவை நிறுத்துகிறாள். "செடி வெச்சா வேலி போடுவாங்களா, கண்ணு?" "ஆமாக்கா. இல்லன்னா ஆடு கடிச்சிடும்ல?" "அப்ப எங்க ஆடு எங்க மேயும்?" வஹிதா தோழிகளைத் திரும்பிப் பார்க்கிறாள். கடப்பாரைச் சத்தம் ஓய்கிறது. சின்னத்தாயி சேலையைச் சேர்த்துப் பிடித்து, குழிக்குள் காலை விட்டு உட்காருகிறாள். "உங்கள யாரு அனுப்புனாங்க, ஆட்ட மேய விடாத ஃபாரஸ்ட்டுக்காரங்களா? அத மொதல்ல சொல்லு. அப்புறம் எந்திரிக்கறேன்."