கேடயத்தின் நடுத்தட்டு

பழைய படமொன்றில் மந்திரவாதி ஏந்திவரும் கேடயத்தை அப்படியே செய்து தருவதாக ஆலங்குடி இளமதியும் தம்பி வசந்தும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எந்தெந்தச் சாமானை வைத்து அதைச் செய்திருக்கிறார்கள் என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் கண்டுபிடிப்பது அவள் வேலை. விளிம்பு சைக்கிள் ரிம். குமிழ்கள் குக்கர் வெயிட். நடுவில் இருந்தது, பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்கிற எவர்சில்வர் தட்டு.

பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ‘வசந்த் நினைவாக.’ அதன் கீழே இறந்த தேதி. நாளைய தேதி, இதே வருடம். படம் வந்தபோது அவர்கள் பிறக்கவேயில்லை. தன் கண்ணை நம்பாமல் மூன்று முறை நோட்டில் எழுதிப் பார்த்தாள். மூன்று முறையும் அதேதான் வந்தது.

நாளைக் காலை வசந்த் பைக்கில் கோட்டைப்பட்டினம் போவதாக இருந்தான். அவள் மேசையில் கிடந்த பைக் சாவியை எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்று சிரித்தபடி வந்தவன் குனிந்து திரையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஒம் பேரு எப்படிக்கா இதுல வந்துச்சு?”

அவள் மறுபடி பார்த்தாள். ‘வசந்த்’ என்றுதான் இருந்தது.

அவன் ஆணியில் தொங்கிய அவளுடைய ஸ்கூட்டி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“நாளைக்கு நீ எங்கிட்டும் போகாதக்கா.”

அதைச் சொல்லத்தான் அவளும் வாயைத் திறந்திருந்தாள்.