சிடுமூஞ்சி கழற்றிய கதவு

பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, நகரசபை அதிகாரி ஒருவர் ஓர் ஏழைப் பெண்ணின் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்.

தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. நகரசபைக் குடியிருப்பில் வீடு கேட்டு யார் மனுப் போட்டாலும், இருக்கிற இடத்தை நேரில் வந்து பார்ப்பவர் அவர்தான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கதவுக்குச் சொந்தக்காரி ஒரு தையல்காரி. மூடிக் கிடந்த சைக்கிள் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் மகளோடு இருந்தாள். மழை வந்தால் வெளியே நிற்பவனைவிட உள்ளே இருப்பவர்கள்தான் அதிகம் நனைவார்கள். மகளுக்கு ஓயாத இழுப்பு. இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்தில் படுத்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் மனு. ஆனால் வீடு பார்க்க ஆள் வருகிறார் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? முதல் தடவை அவள் கொட்டகையைப் பெருக்கித் துடைத்து, ஒழுகும் இடங்களைப் பூப்போட்ட துணியால் மறைத்து, வருகிறவருக்கு நாற்காலியும் போட்டு வைத்தாள்.

சிடுமூஞ்சி உட்காரவில்லை. கதவையே முறைத்தார். "இந்தக் கதவு எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனு தள்ளுபடி.

கதவு பார்க்க நன்றாக இல்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பளிச்சென்று நீலப் பெயின்ட் அடித்துவிட்டு, மறுபடியும் மனுப் போட்டாள்.

"பெயின்ட் வேறயா?" என்று இரண்டாம் தடவை அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் தள்ளுபடி. அப்படியானால் கதவு பலமாக இல்லை என்கிறார் என்று புரிந்துகொண்டு, அவள் ஒரு தாழ்ப்பாளும் வாங்கி மாட்டினாள்.

மூன்றாம் தடவை வந்தவர் தாழ்ப்பாளைப் பார்த்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கதவைக் கழற்றி, ஸ்கூட்டருக்குப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

தையல்காரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். இருந்த ஒரு கதவும் போய்விட்டது, இனிப் பிள்ளையை எதை நம்பிப் படுக்கவைப்பது என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

எதிர்க்கடை டீக்காரிக்கு நகரசபையின் மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சல். அவள் தம்பி, குடும்பத்தோடு ஓடாத வேன் ஒன்றில் குடியிருந்தான். அவன் மனுவையும் போன மாதம் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

"எந்திரிடி. அந்தத் திருட்டுப் பயலை வேலைய விட்டுத் தூக்காம நான் அடுப்பு பத்தவைக்கப் போறதில்ல" என்று தையல்காரியைக் கையோடு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நகரசபை போய்ச் சேருகிற வரை கரித்துக் கொட்டினாள். சிடுமூஞ்சியின் முப்பாட்டன்கூடத் தப்பவில்லை.

அங்கே மேலதிகாரி ஓர் அம்மாள். டீக்காரி மூச்சு வாங்கச் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதவு என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

நீலம் என்றாள் தையல்காரி.

அந்த அம்மாள் எழுந்து பின்னறையைத் திறந்தார். உள்ளே சுவர் முழுக்கக் கதவுகள் சாய்ந்து நின்றன. பச்சைக் கதவு, கரையான் பாதி தின்ற கதவு, விளம்பரத் தகரத்தில் செய்த கதவு. நடுவில் சிடுமூஞ்சி நின்று, நீலக் கதவைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இவர் கைவரிசைதான்" என்றார் மேலதிகாரி. "கதவு இருந்தா அது வீடுன்னு எங்க விதி. வீடு இருக்கிறவங்களுக்கு நாங்க வீடு தர முடியாது. கதவைக் கழட்டிடுங்கன்னு மனுப் போட்டவங்களுக்குச் சொல்லிக் குடுக்கவும் கூடாது." கதவுகளை ஒரு பார்வை பார்த்தார். "திருடக் கூடாதுன்னு மட்டும் விதியில எழுத மறந்துட்டாங்க."

இத்தனை கதவுகள் ஏன் இன்னும் இங்கேயே கிடக்கின்றன என்று டீக்காரி சந்தேகத்தோடு கேட்டாள்.

"புது வீட்டுக்குப் போனவங்க யாரும் பழைய கதவைக் கேட்டு வர்றதில்லம்மா."

சிடுமூஞ்சி சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தையல்காரியிடம் நீட்டினார். கதவில்லாத இடம் என்று அவர் எழுதிக் கொடுத்து, மேலதிகாரி கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இரண்டாம் மாடி, மேலே இன்னொரு மாடி இருப்பதால் ஒழுகாது என்றார். பிறகு முகத்தை அதே கடுகடுப்போடு வைத்துக்கொண்டு, "பெயின்ட் நல்லாத்தான் இருந்துது" என்றார்.

தையல்காரி சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். காலையில் அழுததற்கும் சேர்த்து இந்தத் தடவை சந்தோஷமாக அழுதாள்.

டீக்காரி மெல்லச் சிடுமூஞ்சியின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணே, எங்க தம்பி இருக்கிற வேனுக்கு நாலு கதவு. எப்ப வந்து திருடுவீங்க?"